கட்டுப்பாடான குடும்பத்துப் பெண் தோட்டப்புற நகரில் சட்டமன்றத்துக்கு நின்றால் என்ன தடைகள் வரும்?

பெரிய தடை, ஏறுவதற்குக் கீழ்ப்படியே இல்லாததுதான். மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. நகராட்சி உறுப்பினர்கள் நியமனம். ஆகவே முதல் போட்டியே சட்டமன்றம்.

வேட்பாளரைப் பற்றிய பேச்சு கட்சிக் கிளைக் கூட்டம் முடிந்தபின் இரவில் சாப்பாட்டுக் கடையில் தொடரும். அங்கே உட்கார முடியாத பெண், மகளிர் பிரிவில் எத்தனை ஆண்டு உழைத்தாலும் பெயர்ப்பட்டியலில் பின்தங்குவார். இது அநியாயம். கிளைச் செயலாளர் பதவியைப் பிடிப்பது நல்ல வழி: உறுப்பினர் பட்டியலும் கூட்டக் குறிப்பும் அவர் கையில் இருக்கும், ஒதுக்குவது கடினம்.

அடுத்தது பணம். சட்டமன்றத் தொகுதிக்கு வைப்புத்தொகை 5,000 வெள்ளி (ரிங்கிட்). பதிவான வாக்கில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் திரும்பாது. செலவு உச்சவரம்பு 100,000 வெள்ளி. முடிவு அரசிதழில் வந்த 31 நாளுக்குள் கணக்கு தர வேண்டும். கணவர், அண்ணன் கையிலிருந்து ரசீதில்லாமல் செலவாகும் பணம்தான் இங்கே சிக்கலாகிறது. தனி வங்கிக் கணக்கும், கணக்கு தெரிந்த தேர்தல் முகவரும் அவசியம்.

பழமை பேசும் கட்சி என்றாலே கதவு மூடியிருக்கும் என்பதில்லை. பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சியின் கதிஜா சிடேக் 1959இலேயே டுங்குன் நாடாளுமன்றத் தொகுதியில் வென்றார்.

செராமா எனப்படும் பிரசாரக் கூட்ட மேடையில் தயக்கமா? தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு மாலையில், வேலை முடிந்த பிறகு, மாமியாரையோ நாத்தனாரையோ கூட்டிக்கொண்டு போகலாம். ஆண் வேட்பாளரிடம் வாய் திறக்காத பெண்கள் இவரிடம் தண்ணீர்க் குழாய் முதல் பிறப்புப் பத்திரம் வரை பேசுவார்கள். அதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.