பீர் குடித்தால் உதடு வீங்குகிறது: ஆல்கஹாலே அலர்ஜியா?

கேள்வி: எனக்கு 24 வயது. மூன்று ஆண்டுகளாக எப்போதாவது பீர் குடிப்பேன், தொந்தரவு எதுவும் வந்ததில்லை. கடந்த இரண்டு மாதங்களில் மூன்று முறை, குடித்த அரை மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடித்து அரித்தது. கடைசி முறை உதடு வீங்கித் தொண்டையும் இறுகியது. எனக்கு ஆல்கஹாலே ஒத்துக்கொள்ளவில்லையா? முன்கூட்டியே அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டு குடிக்கலாமா? 200 உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை செய்யலாம் என்கிறார் ஆய்வக முகவர் ஒருவர். எடுக்கட்டுமா?

பதில்: மாத்திரையிலிருந்தே தொடங்குகிறேன். மூன்று கேள்விகளில் உயிரைக் கேட்பது அதுதான். அந்த மாத்திரை தோல் அரிப்பை அடக்கும். தொண்டை வீங்குவதையோ ரத்த அழுத்தம் விழுவதையோ தடுக்காது. அரிப்புதான் உங்களுக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு, அதையும் நீங்களே மறைத்துக்கொள்வீர்கள்.

தொண்டை இறுகியது என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். தோல் தடிப்போடு தொண்டையும் இறுகினால் அது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை, அதற்கு அனஃபிலாக்சிஸ் என்று பெயர். அதற்கு முதல் மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். காரணம் தெரியும்வரை எந்த மதுவும் வேண்டாம். ‘கொஞ்சமாகக் குடித்துப் பார்க்கிறேன்’ என்ற சோதனையும் வேண்டாம்.

சரி, ஆல்கஹாலே காரணமா? பெரும்பாலும் இல்லை. மதுவில் உள்ள ஆல்கஹாலான எத்தனாலுக்கே ஒவ்வாமை வருவது மிக மிக அரிது. பீரில் பார்லி இருக்கிறது, சிலவற்றில் கோதுமையும் உண்டு. அப்புறம் கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூ, நொதிக்க வைக்கும் ஈஸ்ட். பார்லியின் ஒரு புரதம் கொதிக்க வைத்தாலும் அழியாமல் கோப்பைவரை வந்துவிடும். ‘மூன்று வருடம் ஒன்றும் ஆகவில்லையே’ என்பீர்கள். ஒவ்வாமை வரும் விதமே அதுதான். உடல் ஒரு பொருளைப் பலமுறை சந்தித்த பிறகே அதை எதிரியாகக் குறித்து வைக்கும். அது எந்த வயதிலும் நடக்கலாம். சிலருக்குக் குடித்ததும் முகம் சிவப்பது பிறவியிலேயே வரும் நொதிக் குறைபாடு. அது முதல் கோப்பையிலேயே தெரிந்திருக்கும், உங்கள் கதை வேறு.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அடிக்கடி கோட்டைவிடப்படுகிறது. சிலருக்குக் கோதுமைக்கு ஒவ்வாமை இருக்கும், ஆனால் தினமும் சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது. கோதுமை சாப்பிட்டுவிட்டு ஓடினாலோ, ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை போட்டாலோ, மது குடித்தாலோதான் உடம்பு பொங்கும். குடலின் தடுப்பை மது தளர்த்திவிடுவதால், முழுதாகச் செரிக்காத புரதம் ரத்தத்தில் அதிகம் கலந்துவிடுகிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம். பழி என்னவோ கடைசியாக உள்ளே போன பீரின் மேல் விழுகிறது. அதனால் மூன்று முறையும் பீருக்கு நாலு மணி நேரம் முன்பிலிருந்து என்ன சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள், ஆடினீர்களா ஓடினீர்களா என்று நினைவுபடுத்தி எழுதுங்கள். ‘பீரை விட்டுவிட்டு விஸ்கிக்குப் போகலாமா’ என்ற அடுத்த கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. காய்ச்சி வடிக்கும்போது பார்லிப் புரதம் பின்தங்கிவிடலாம். ஆனால் குற்றவாளி கோதுமையும் மதுவும் சேர்ந்த கூட்டணி என்றால் விஸ்கியும் அதே வேலையைச் செய்யும்.

சாதாரணக் கோதுமைப் பரிசோதனை இதைத் தவறவிடக்கூடும். ‘ஒமேகா-5 கிளையடின்’ என்ற கோதுமைப் புரதத்துக்கான ஐஜிஇ (ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்புரதம்) பரிசோதனையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இனி அந்த முகவர். 200 உணவுப் பட்டியல் என்று விற்கப்படுவது அநேகமாக ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புரதத்தை அளக்கும் பரிசோதனைதான். நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதையே அது காட்டும், ஒவ்வாமையைக் காட்டாது. நோய் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவ அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது. விற்பனை நின்றபாடில்லை. பால், முட்டை, தக்காளி என்று நாற்பது உணவுகளை விலக்கி, இளைத்துப்போய் என் முன்னால் வந்து உட்கார்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உண்மையில் எது ஆகாதோ, அது பல நேரம் அந்தப் பட்டியலிலேயே இருக்காது. பட்டியல் நீளமாக இருந்தால் நம்பிக்கை வருகிறது, முகவருக்குக் கமிஷனும் வருகிறது. முடியை வைத்து ஒவ்வாமை கண்டுபிடிப்பதாகச் சொல்லும் பரிசோதனையைப் பற்றிப் பேசவே எனக்குப் பொறுமை இல்லை.

பொறுமை போகும் இன்னோர் இடம் அவசரப் பிரிவு. ஊசி போட்டு அரிப்பு அடங்கியதும், சீட்டில் ‘அலர்ஜி’ என்று ஒற்றைச் சொல் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். எதற்கு அலர்ஜி, ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது, என்ன ஊசி போட்டார்கள், எதுவும் இருக்காது. பல நாடுகளில் மது பாட்டிலில் முழுப் பொருட்பட்டியல் அச்சிடும் கட்டாயமும் இல்லை. நாங்கள் எதை வைத்துத் துப்புத் துலக்குவது?

ஆகவே ஒவ்வாமை நிபுணரிடம் போகும்போது தடிப்பின் படம், பாட்டில் லேபிளின் படம், நீங்கள் எழுதிய குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை என்றால் ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாமல் போனால் முடிவு பொய்யாக ‘இல்லை’ என்று வரலாம். அட்ரினலின் ஊசி கைவசம் வைத்திருக்க வேண்டுமா என்றும் அங்கேயே கேளுங்கள். அதற்குள் மறுபடி தொண்டை இறுகினால் நிற்காதீர்கள், நடக்காதீர்கள். படுத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் மட்டும் உட்காரலாம். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். மருத்துவமனையில் ஊசி போட்ட பிறகு, அறிகுறி தொடங்கிய நாலு மணி நேரத்துக்குள் ‘டிரிப்டேஸ்’ (அனஃபிலாக்சிஸின்போது ரத்தத்தில் கூடும் ஒரு நொதி) பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். முகத்தைச் சுளித்தாலும் விடாதீர்கள். நேரம் தவறினால் அந்தத் தடயம் கலைந்துவிடும்.