ஸ்லைடு ஃபிலிம் கழுவ நல்ல லேபை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்லைடு ஃபிலிம் என்றால், கழுவியதும் ஃபிலிமிலேயே அசல் நிறத்தில் படம் தெரியும். அதற்கான முறை ஈ-6. அதில் முதல் டெவலப்பரின் (படத்தை வெளிக்கொண்டுவரும் கெமிக்கல்) சூடு 38 டிகிரி செல்சியஸில் மாறாமல் இருக்க வேண்டும், கொஞ்சம் தவறினாலும் வெளிச்சமும் நிறமும் மாறிவிடும். நெகட்டிவ் பென்சிலில் எழுதிய மாதிரி, பிரிண்ட் போடும்போது சரிசெய்யலாம். ஸ்லைடு நேராகப் பேனாவில் எழுதியது. அதனால் லேபில் நான் முதலில் கேட்பது, ஈ-6 எவ்வளவு அடிக்கடி ஓட்டுகிறீர்கள் என்பதுதான், ஏனென்றால் ரோல் வராமல் சும்மா கிடக்கும் கெமிக்கல் கெட்டுப்போகும். அப்புறம் அவர்கள் கழுவிய ஸ்லைடு ஒன்றை லைட்பாக்ஸில் (அடியிலிருந்து வெளிச்சம் வரும் பெட்டி) வைத்துப் பாருங்கள்: படத்துக்கு வெளியே உள்ள ஓரம் நல்ல கறுப்பாக இருக்க வேண்டும், பச்சையோ பழுப்போ அடித்தால் வேறு இடம் பாருங்கள். கலர் நெகட்டிவ் கழுவுகிற எல்லா லேபும் இதையும் கழுவும் என்று நினைக்காதீர்கள். கலர் நெகட்டிவுக்கான சி-41 கெமிக்கலில் ஸ்லைடு ஃபிலிமைப் போட்டால் நெகட்டிவாகத்தான் வரும், நிறமும் தாறுமாறாக.