எக்ஸ்ரே இருக்கட்டும், சளியைப் பரிசோதித்தீர்களா?

கடிதம் முழுக்கக் கதிர்வீச்சுதான், அம்மா. கணவருக்கு ஒரே மாதத்தில் இரண்டு டிஜிட்டல் எக்ஸ்ரே எடுத்தாயிற்று, மூன்றாவதும் கேட்கிறார்கள், புற்றுநோய் வருமா, அவர் சட்டையிலிருந்து 4 வயது மகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டார்." எனக்குக் கவலை தந்தது அந்த வரிதான்.

கதிர்வீச்சை முதலில் முடித்துவிடுகிறேன். நெஞ்சை ஒருமுறை படம் எடுத்தால் உடம்புக்குச் சேர்வது சுமார் 0.02 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு அளவைச் சொல்லும் அலகு). மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் எல்லோருக்கும் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒரு படம் என்பது மூன்று நாள் கணக்கு. படம் எடுத்து முடிந்ததும் கதிர் நின்றுவிடும். சட்டையிலும் உடம்பிலும் எதுவும் தங்காது. டிஜிட்டல் என்றால் ஃபிலிமுக்குப் பதில் கதிரை உணர்ந்து பதிவு செய்யும் டிடெக்டர், அவ்வளவுதான். வீடியோக்களைப் பார்த்துப் பயப்படுவதை நிறுத்துங்கள்.

செல்போனில் பிடித்து அனுப்பிய படத்தை வைத்து நான் எதுவும் சொல்லமாட்டேன். டிடெக்டர் ஆயிரக்கணக்கான சாம்பல் நிறச் சாயல்களைப் பதிவு செய்கிறது. போன் படத்தில் 256தான் மிஞ்சும். காறை எலும்புக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய நிழல் அதில் காணாமல் போய்விடும். மூலப் படத்தை சி.டி.யில் கேட்டு வாங்கி, நேரில் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் பயம் உண்மையில் எக்ஸ்ரேயில் தெரிந்த நிழலைப் பற்றியது என்றே நினைக்கிறேன். நான்கு வாரமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், உடல் மெலிவு, கூடவே 11 வருடச் சர்க்கரை நோய். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். இந்த நிலையில் மெடிக்கலில் கேட்டு லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். இது எனக்குக் கோபம் தருகிறது. அந்த மாத்திரை காசநோய்க் கிருமியை அரைகுறையாக அடக்கும். காய்ச்சல் தணியும், சளியில் கிருமி சிக்காமல் போகலாம், நோய் மட்டும் உள்ளே வளரும். இனி அதைத் தொடாதீர்கள். எத்தனை நாள் சாப்பிட்டார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

காசநோய்தான் என்று நான் முடிவு கட்டவில்லை. பீடி பிடிப்பவர் என்பதால் புற்றுநோயையும் ஒதுக்கிவிட முடியாது. நிழல் கரைகிறதா, நிற்கிறதா என்று பார்க்கத்தான் மூன்றாவது படம், தயங்காமல் எடுங்கள். அதற்குக் காத்திராமல் நாளைக் காலையே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமி நெஞ்சுச் சளியைக் கொடுக்க வேண்டும், எச்சில் உதவாது. பரிசோதனை இலவசம், கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை என்றால் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். சளியில் ரத்தம் கண்டால் விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

முடிவு வரும்வரை அவர் முகக்கவசம் போடட்டும், ஜன்னலைத் திறந்து வைத்துத் தனியே படுக்கட்டும். காசநோய் உறுதியானால் மகளையும் அழைத்துப் போங்கள். 5 வயதுக்குள் இருப்பவள். பரிசோதித்து, நோய் இல்லையென்றாலும் தடுப்பு மருந்து கொடுப்பார்கள்.