கடுங்குளிரில் டீசல் கார் பாதி வழியில் அணைவது ஏன்?

கேள்வி: வெளியே மைனஸ் 12 டிகிரி. காலையில் என் டீசல் கார் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது. பத்து நிமிடம் ஓடியதும் இழுவை குறைந்து அணைந்துவிடுகிறது. புது பேட்டரி போட்டும் பலனில்லை. என்ன கோளாறு?

பதில்: ஸ்டார்ட் ஆகிறது என்கிறீர்களே, அப்படியானால் பேட்டரியை மாற்றியது வீண் செலவு. செல்ஃப் சுற்றவே திணறினால் பேட்டரியையும், குளிரில் கெட்டியாகும் எஞ்சின் ஆயிலையும் பார்க்கலாம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வெள்ளைப் புகை மட்டும் வந்து எஞ்சின் பிடிக்காவிட்டால் ஸ்டார்ட் ஆவதற்காக எஞ்சினின் உள்ளறையைச் சூடாக்கும் குளோ பிளக்கைச் சந்தேகிக்கலாம். உங்களுடையது ஓடிவிட்டு அணைகிறது. எஞ்சினுக்கு டீசல் போய்ச் சேரவில்லை.

டீசலில் பாரஃபின் மெழுகு இயல்பாகவே கரைந்திருக்கும். குளிர் ஏற ஏற அது பொடிப்பொடியாகத் திரளும். டேங்கில் டீசல் இன்னும் திரவமாகத்தான் இருக்கும். ஆனால் ஃபில்டரின் நுண்ணிய துளைகளில் இந்தப் பொடி படிந்து அடைத்துவிடும். ஸ்டார்ட் செய்யச் சொற்ப டீசல் போதும். சாலையில் வேகமெடுக்கும்போது தேவை கூடும், அங்கேதான் மூச்சு முட்டுகிறது. ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீர் உறைந்தாலும் இதே கதைதான்.

சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. டேங்கில் இருக்கும் அதே டீசலில் கொஞ்சம் எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி மூடி, இரவு முழுக்க வெளியே வையுங்கள். காலையில் பால் கலந்ததுபோல் மங்கியிருந்தால் மெழுகு; அடியில் பனிக்கட்டி தெரிந்தால் தண்ணீர்.

வண்டி அணைந்தபின் விடாமல் செல்ஃப் அடிக்காதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். எஞ்சினுக்கு டீசலை உயர் அழுத்தத்தில் தள்ளும் காமன் ரெயில் பம்புக்கு மசகே டீசல்தான். வறண்டு சுற்றினால் தேய்ந்துவிடும், அதை மாற்றுவது பெரிய செலவு. காரைச் சூடான ஷெட்டுக்குள் தள்ளிச் சில மணி நேரம் விடுங்கள். முடியாவிட்டால் வெந்நீரில் நனைத்த துணியை ஃபில்டர் மேல் சுற்றலாம். தீ மட்டும் காட்டவே கூடாது. அப்புறம் ஃபில்டரை மாற்றி, டீசல் குழாயில் சிக்கிய காற்றை (ஏர் லாக்) எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

குளிர்காலத்துக்கென்று விற்கும் டீசல் கலவை மருந்தை இப்போது ஊற்றிப் பயனில்லை. பெரும்பாலானவை மெழுகு திரள்வதற்கு முன்னால் கலந்தால்தான் வேலை செய்யும், திரண்டதைக் கரைக்காது. மண்ணெண்ணெய் கலக்கச் சொல்வார்கள். பழைய எஞ்சின்களில் அது நடந்தது, ஆனால் அதற்கு வழவழப்பு குறைவு, இன்றைய பம்புகள் தாங்காது. பெட்ரோல் அதைவிட மோசம். குளோ பிளக் உள்ள எஞ்சினில் ஸ்டார்ட் ஆவதற்காக, எளிதில் தீப்பற்றும் ஈதர் ஸ்ப்ரே அடிப்பது ஆபத்து. நேரம் தவறி வெடித்து பிஸ்டனையே உடைக்கலாம்.

இனி குளிர் தொடங்கும் முன்பே எளிதில் மெழுகு திரளாத குளிர்கால டீசலுக்கு மாறிவிடுங்கள். நிரப்பியதும் நிறுத்தி வைக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். டேங்கில் டீசல் மாறினாலும், குழாயிலும் ஃபில்டரிலும் நிற்பது பழைய டீசல்தானே.