அரிப்பு இல்லாதவங்களுக்கும் சேர்த்து ஒரே ராத்திரியில மருந்து போடணும்

பாலக்கோடு பக்கம் முதியோர் இல்லத்துல வேலை பாக்குற ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "மொத்தம் 26 பேர் இருக்காங்க டாக்டர், அதுல ஆறு பேருக்கு ரெண்டு மாசமா ஒரே அரிப்பு, ராத்திரியானா தூங்க விடமாட்டேங்குது, மெடிக்கல்ல வாங்குன க்ரீம் போட்டா நாலு நாள் அடங்கி திரும்ப வருது, இப்ப எனக்கும் விரலிடுக்குல வந்துருச்சு. போர் தண்ணி சேரலையா? அவங்கள மட்டும் தனி ரூம்ல வெச்சா போதுமா?"

தண்ணி இல்லம்மா. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தண்ணியில ஃப்ளோரைடு இருக்கிறதால எது வந்தாலும் தண்ணிய சொல்லியே பழகிட்டோம், ஆனா ஃப்ளோரைடு கெடுக்குறது பல்லையும் எலும்பையும். ராத்திரியில அதிகமாகுற அரிப்பு, விரலிடுக்கு, ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு, அதுவும் தூக்கி குளிப்பாட்டுற உங்களுக்கே வந்திருக்குன்னா இது சிரங்காத்தான் இருக்கணும், தோல் டாக்டர் ஒருத்தர் நேர்ல பாத்து உறுதி பண்ணட்டும். கண்ணுக்கு சரியா தெரியாத ஒரு சின்ன பூச்சி தோலுக்குள்ள வளை தோண்டி முட்டை வெக்குது, அதான் காரணம்.

முதல் தடவை வர்றவங்களுக்கு பூச்சி ஏறி நாலு முதல் ஆறு வாரம் வரைக்கும் அரிப்பே தெரியாது, ஆனா அந்த நாள்லயும் அடுத்தவங்களுக்கு பரவும். அப்ப இன்னைக்கு சொறியிற ஆறு பேர மட்டும் தனியா வெச்சு மருந்து போட்டா, சொறியாம இருக்கிற மீதிப் பேர்கிட்ட இருந்து திரும்ப வரும், உங்களுக்கு ரெண்டு மாசமா நடக்குறது இதுதான். 26 பேருக்கும், ஆயா, சமையல்காரம்மா, வாட்ச்மேன் எல்லாருக்கும் ஒரே நாள்ல மருந்து போடணும்.

இன்னொரு விஷயம், இதை தயவுசெஞ்சு இன்னைக்கே பாருங்க. படுத்த படுக்கையா, ஞாபகம் தப்பிப்போய், சொறியவே சொறியாத பாட்டி தாத்தா யாராவது இருப்பாங்க. கை, பாதம், முழங்கையில தோல் தடிச்சு செதில் செதிலா கொட்டும், வயசான வறட்சின்னு தேங்கா எண்ணெய் தடவிட்டு விட்டுருப்போம். சாதாரண சிரங்குல உடம்பு முழுக்க பத்து பதினைஞ்சு பூச்சிதான் இருக்கும், இந்த மாதிரி செதில் சிரங்குல ஆயிரக்கணக்குல, சில பேருக்கு லட்சக்கணக்குல கூட. பல இல்லங்கள்ல மொத்தப் பரவலும் அந்த ஒருத்தர்கிட்ட இருந்துதான் கிளம்புது. தனி ரூம் வேணும்னா அவங்களுக்குத்தான் வேணும், க்ளவுஸ் போட்டு பாத்துக்குங்க, ஆனா பக்கத்துல உக்காந்து பேசுறத நிறுத்திடாதீங்க, வாய்விட்டு சொல்ல முடியாத மனுஷங்க அவங்க.

மெடிக்கல்ல கேட்டவுடனே குடுக்கிற அரிப்பு க்ரீம்ல பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும், அது அரிப்பை அமுக்கும், பூச்சிய கொல்லாது, அதை நிறுத்துங்க. பூச்சிய கொல்ல வழக்கமா குடுக்கிறது பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீம். ராத்திரி உடம்பை நல்லா துடைச்சுட்டு கழுத்துல இருந்து உள்ளங்கால் வரைக்கும், வயசானவங்களுக்கு தலை, காது பின்னாடியும் சேர்த்து (கண்ணு, வாய் பக்கம் வேண்டாம்), நகத்தை வெட்டிட்டு நகத்தடியில, தொப்புள்ல, இடுப்பு மடிப்புல, மார்புக்கு அடியில, ஒரு இடம் விடாம பூசி 8 முதல் 14 மணி நேரம் விட்டு குளிப்பாட்டணும். நடுவுல கை கழுவினா கைக்கு மறுபடி பூசணும், நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு சுமார் 30 கிராம் ட்யூப் ஆகும், மிச்சம் பிடிக்காதீங்க. ஒரு வாரம் கழிச்சு எல்லாருக்கும் இன்னொரு தடவை. அதே பூச்சிய கொல்ற ஐவர்மெக்டின்ங்கிற மாத்திரைய எடை பாத்து டாக்டர்தான் எழுதணும், செதில் சிரங்குக்கு க்ரீம், மாத்திரை ரெண்டும் சேர்த்து பல தடவை வேண்டியிருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஊர்லயும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, தனித்தனியா அனுப்பாம மொத்த லிஸ்ட்டோட போய் தோல் டாக்டரை பாருங்க.

மறுநாள் காலையில பெட்ஷீட், துண்டு, நைட்டி எல்லாம் கொதிக்கிற தண்ணியில. துவைக்க முடியாத கம்பளிய பிளாஸ்டிக் பையில கட்டி ஒரு வாரம் வெச்சா போதும், மனுஷ உடம்பு இல்லாம பூச்சி ரெண்டு மூணு நாளுக்கு மேல தாங்காது.

மருந்து போட்ட பிறகும் ரெண்டு முதல் நாலு வாரம் அரிப்பு இருக்கும், செத்த பூச்சிக்கு தோல் காட்டுற எதிர்ப்பு அது, பயந்து தினமும் க்ரீம் பூசாதீங்க. நாலு வாரம் தாண்டியும் புதுசா கொப்புளம் வந்தா திரும்ப காட்டுங்க. அப்புறம் நீங்க தினமும் வீட்டுக்கு போறவங்க, வெக்கப்படாம வீட்டுல சொல்லி உங்க வீட்டுக்காரர், பிள்ளைங்களுக்கும் டாக்டர்கிட்ட கேட்டு அதே ராத்திரி மருந்து போட்டுருங்க.