பொட்டாசியம் மட்டும் ஏறி வந்தால் முதலில் ட்யூபைப் பாருங்கள்

அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் சேர்ந்த புதிது, காலையில் வார்டிலிருந்து வரும் ரத்தத்தில் பலருக்கும் பொட்டாசியம் 6-க்கு மேல் காட்டுகிறது, டாக்டர்கள் மெஷினைக் குறை சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கன்ட்ரோல், அதாவது மெஷினைச் சரிபார்க்க ஓட்டும் அளவு தெரிந்த மாதிரி, தினமும் சரியாக வருகிறது என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் மெஷினை விடுங்கள்.

சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்ததும் ட்யூபை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே தெளிந்து நிற்கும் சீரம் வைக்கோல் நிறத்தில் இல்லாமல் இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே கலந்திருக்கிறது. சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தை ஊசியைக் கழற்றாமல் ட்யூபுக்குள் அழுத்தித் தள்ளினால் இப்படித்தான் ஆகும். சீரம் தெளிவாக இருக்கிறதா? கால்சியத்தைப் பாருங்கள். அது நம்ப முடியாத அளவுக்கு விழுந்திருந்தால், ஊதா மூடி ஈடிடிஏ ட்யூபிலிருந்து கொஞ்சம் இதில் ஊற்றியிருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க அந்த ட்யூபில் சேர்க்கும் ஈடிடிஏ ஒரு பொட்டாசியம் உப்பு, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இது உண்மையிலேயே நடக்கிற விஷயம். அதுவும் இல்லையென்றால் ரத்தம் எடுத்த நேரத்தைக் கேளுங்கள். சீரத்தைப் பிரிக்காமல் நெடுநேரம் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாலும் அணுக்களிலிருந்து பொட்டாசியம் கசியும்.

ஆனால் சாம்பிள் சரியில்லை என்று எழுதி ஓரமாக வைத்துவிடாதீர்கள். அந்த நோயாளிக்கு நிஜமாகவே பொட்டாசியம் ஏறியிருந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். உடனே வார்டுக்குப் போன் செய்து மறுபடி ரத்தம் கேளுங்கள். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதைப் பதிவேட்டில் குறித்து வையுங்கள். அப்புறம், அந்த இளஞ்சிவப்பு ட்யூபையும் நல்ல ட்யூபையும் சேர்த்துப் படமெடுத்து, நோயாளி பெயர் தெரியாமல், வார்டு சிஸ்டரிடம் காட்டுங்கள். சுற்றறிக்கையைவிட அது நன்றாக வேலை செய்யும்.