பாக்டீரியா உதிர்க்கும் சவ்வுப் பைகள் நோயை வளர்க்குமா, தடுக்குமா?

இரண்டும் செய்யும். மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸை எடுத்துக்கொண்டால் எளிதாக விளங்கும்.

கிராம் நெகட்டிவ் (உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு சவ்வு கொண்ட) பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வு அங்கங்கே புடைத்து, குட்டிக் குமிழ்களாகப் பிய்ந்து வரும். இவைதான் அந்தப் பைகள். அளவு சுமார் 20 முதல் 250 நானோமீட்டர். உயிர் கிடையாது, பெருகவும் பெருகாது. ஆனால் சரக்கு இருக்கும்: நச்சுப் புரதம், டிஎன்ஏ துண்டு, சிலவற்றில் பென்சிலினை உடைக்கும் நொதி. அந்த நொதி அக்கம்பக்கத்து பாக்டீரியாவையும் மருந்திலிருந்து காப்பாற்றிவிடும்!

மெனிங்கோகாக்கஸ் இந்தப் பைகளை வாரி இறைக்கும் ரகம். அவற்றின் மேல் எண்டோடாக்சின் என்ற வெளிச்சவ்வு நச்சு ஒட்டியிருக்கும். இரத்தத்தில் அது அதிகமானால் நம் எதிர்ப்பு சக்தியே கட்டுமீறி, இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கு ஆபத்தாகும்.

சரி, தடுப்பது எப்படி? பி வகை மெனிங்கோகாக்கஸின் மேலுறைச் சர்க்கரை நம் நரம்புச் செல்களில் உள்ளதைப் போலவே இருப்பதால், அதை வைத்துத் தடுப்பூசி செய்ய முடியவில்லை. பைகளில் பாக்டீரியாவின் மேல்பரப்புப் புரதங்கள் அப்படியே இருக்கின்றன. டிடர்ஜென்ட் கொண்டு எண்டோடாக்சினைப் பெருமளவு நீக்கினால் அதுவே தடுப்பூசி. நியூசிலாந்து 2004இல் இப்படித்தான் தன் நாட்டில் பரவிய வகைக்கு ஊசி போட்டது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஊசி போட்டவர்களிடம் பாலுறவில் பரவும் கொனோரியா நோய் சுமார் 31 சதவீதம் குறைவாக இருந்ததாக 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. மெனிங்கோகாக்கஸும் கொனோரியா தரும் பாக்டீரியாவும் நெருங்கிய சொந்தக்காரர்கள், புரதங்களிலும் அந்தச் சாயல் உண்டு.